நீர்க்குழாய் உறைவும் வெடிப்பும்

நீர்க்குழாய் உறைவு என்பது, கடுங்குளிர் நிலவும் காலத்தில் வீடுகளின் நீர்க்குழாய்களுக்குள் உள்ள நீர் பனிக்கட்டியாக உறைந்து, நீரோட்டம் தடைப்படுவதைக் குறிக்கும். இவ்வாறு உறையும் குழாய்களுள் சில நீளவாக்கில் பிளந்தோ, இணைப்புகளில் கழன்றோ நீரை வெளியேற்றுகின்றன. இது குழாய் வெடிப்பு எனப்படுகின்றது. வட அமெரிக்கா, ஐரோப்பா, வடகிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் குளிர்காலத்தில் வீடுகளுக்கு ஏற்படும் சேதங்களுள் இது முக்கியமான ஒன்றாகும்.

பனிக்கட்டி விரிவடைந்து குழாயின் சுவரை உள்ளிருந்து தள்ளுவதாலேயே குழாய் வெடிக்கின்றது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால், பெரும்பாலான வெடிப்புகளுக்குப் பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய திருகுக்குழாய்க்கும் இடையே சிக்கிக்கொள்ளும் நீரில் எழும் அழுத்தமே காரணமாகும். குழாய்களைப் பாதுகாக்கும் முறைகளும், உறைந்த குழாயை உருக்கும் முறைகளும் இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இக்கட்டுரையில் குழாய் என்பது சுவர், தரை, நிலம் ஆகியவற்றினூடாக நீரைக் கொண்டுசெல்லும் குழாயையும், திருகுக்குழாய் என்பது நீர் பிடிக்கும் இடத்தில் திறந்து மூடும் அமைப்பையும் குறிக்கின்றன.

உறையும் முறை

தூய நீர் 0 பாகை செல்சியசில் உறையும் என்றாலும், அசைவற்று நிற்கும் குழாய் நீர் அவ்வெப்பநிலையை எட்டியவுடன் உறைவதில்லை. அது சில பாகைகள் கீழே சென்ற பின்னரும் நீர்ம நிலையிலேயே இருக்கக்கூடும். இது மீக்குளிர்வு எனப்படுகின்றது. மீக்குளிர்ந்த நீரில் முதற் படிகம் தோன்றியதும், மரக்கிளைகள் போன்ற மெல்லிய பனிப்படிகங்கள் குழாய் முழுவதும் விரைவாகப் பரவுகின்றன. அப்போது நீரின் சிறுபகுதியே உறைந்திருந்தாலும், அந்தப் படிக வலை ஓட்டத்தை அடைத்துவிடப் போதுமானது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். ஆர். கில்பின் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது.

இதன்பின், குழாய்ச் சுவரிலிருந்து மையத்தை நோக்கித் திண்மப் பனிக்கட்டி வளர்கின்றது. குளிர் நீடித்தால் குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் அடைபடுகின்றது. குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. குளிர்காற்று படும் ஓரிடத்தில், சில சென்டிமீட்டர் நீளத்தில் மட்டுமே அடைப்புத் தோன்றலாம். சுவரில் உள்ள சிறு இடுக்கு வழியாக நுழையும் காற்றே இதற்குப் போதுமானது.

ஐக்கிய அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் கட்டடவியல் ஆய்வு மன்றத்தில் ஜேம்சு கோர்டன் மேற்கொண்ட ஆய்வு 1996 ஆம் ஆண்டில் வெளியானது. சூடாக்கப்படாத பரணில் வெப்பக்காப்பின்றி ஓடும் குழாய்களுக்கு, வெளி வெப்பநிலை ஏறத்தாழ −7 பாகை செல்சியசை (20 பாகை பாரன்கைட்) எட்டுவதே எச்சரிக்கை எல்லை என அவ்வாய்வு கண்டது. இது ஒரு பொது வழிகாட்டியே ஆகும். பலத்த காற்று வீசும்போது இதைவிடக் குறைந்த குளிரிலும் குழாய் உறையக்கூடும்.

வெடிப்புக்கான காரணம்

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு அதிகரிக்கின்றது. குழாயினுள் வளரும் பனிக்கட்டி, இருபுறமும் உள்ள நீரைத் தள்ளுகின்றது. தெருவை நோக்கிய பக்கத்தில் உள்ள நீர் பொதுக் குழாய்க்குள் பின்வாங்க இயலும். ஆதலால் அப்பக்கத்தில் அழுத்தம் பெரிதாக உயர்வதில்லை. ஒருவழி வால்வு பொருத்தப்பட்ட வீடுகளில் இந்த வாய்ப்பும் இல்லை. மறுபக்கத்தில் மூடிய திருகுக்குழாய் இருந்தால், அங்குள்ள நீருக்குச் செல்ல வழியில்லை.

நீர் எளிதில் அமுங்காத பொருளாகும். அடைபட்ட நீரின் பருமனை 1 விழுக்காடு குறைக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கும் அதிகமான அழுத்தம் தேவை. அழுத்தம் கூடும்போது நீரின் உறைநிலை குறையும். எனினும், வெப்பநிலை தொடர்ந்து இறங்கினால் உறைதல் நிற்பதில்லை. அடைபட்ட நிலையில் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகை இறங்கும்போதும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 130 மடங்கு அழுத்தம் உருவாகக்கூடும். வீட்டுக் குழாய்களில் வழக்கமாக இருப்பதோ சில மடங்கு அழுத்தமே.

இவ்வழுத்தம் அடைபட்ட நீர் முழுவதற்கும் சமமாகப் பரவுவதால், குழாயின் வலுவற்ற இடம் எதுவோ அங்கே வெடிப்பு ஏற்படுகின்றது. அவ்விடத்தில் பனிக்கட்டி இருக்கவேண்டும் என்பதில்லை. வெளிச்சுவரில் உறைந்த குழாய், சூடான அறைக்குள் உள்ள வளைவு ஒன்றில் பிளப்பது இதனாலேயே ஆகும்.

பிளவு ஏற்பட்டவுடன் நீர் பீறிடாமலும் இருக்கலாம். பனிக்கட்டியே அடைப்பானாக நிற்பதால், தெருவிலிருந்து வரும் நீர் பிளவை எட்டுவதில்லை. பனி உருகிய பின்னரே கசிவு வெளிப்படுகின்றது. எனவே, குளிர் தணிந்து நிலைமை சீரடைந்துவிட்டதாகத் தோன்றும் நாளிலேயே பெரும்பாலான வீடுகளில் வெள்ளம் புகுகின்றது.

பாதிப்புக்குள்ளாகும் இடங்கள்

பின்வரும் இடங்களில் உள்ள குழாய்கள் எளிதில் உறைகின்றன:

- வெளிச்சுவர்களுக்குள் செல்லும் குழாய்கள், குறிப்பாகச் சமையலறைத் தொட்டியின் கீழ் உள்ளவை
- கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலான பரணில் உள்ள குழாய்கள்
- தரைக்கு அடியிலுள்ள காற்றோட்ட வெளி, சூடாக்கப்படாத நிலவறை, வாகனக் கொட்டில் ஆகியவற்றில் உள்ள குழாய்கள்
- தோட்டத்துக்கான வெளித் திருகுக்குழாய்கள்
- போதிய ஆழத்தில் புதைக்கப்படாத நிலத்தடிக் குழாய்கள்

சுடுநீர்க் குழாய்களும் இதற்கு விலக்கல்ல. இரவில் பயன்பாடின்றி நிற்கும் சுடுநீர் சில மணி நேரத்தில் சுற்றுப்புற வெப்பநிலையை அடைந்துவிடும்.

ஐக்கிய இராச்சியத்தில் இவற்றோடு வேறொரு குழாயும் சேர்ந்துகொள்கின்றது. அங்குப் பரவலாகப் பயன்படும் நீராவியொடுக்கக் கொதிகலன்கள் சிறிதளவு கழிவுநீரை வெளியேற்றுகின்றன. அதனை வெளியே கொண்டுசெல்லும் மெல்லிய நெகிழிக் குழாய் உறைந்தால், கொதிகலன் தானாக நின்றுவிடும். 2010 டிசம்பர் மாதக் குளிரில் பல வீடுகள் இவ்வாறு சூடேற்றும் வசதியை இழந்தன. இக்குழாயின் வெளிப்பகுதியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி அடைப்பை நீக்கலாம்.

குழாய்ப் பொருள்கள்

செப்புக் குழாய்கள் அழுத்தத்தினால் முதலில் சற்று உப்பி, பின்னர் மீன்வாய் போன்ற வடிவில் நீளவாக்கில் பிளக்கின்றன. ஒருமுறை உறைந்து, பிளக்காமல் தப்பிய செப்புக் குழாய் நிலையாக உப்பியிருக்கக்கூடும். அவ்விடம் அடுத்த குளிர்காலத்தில் எளிதில் பிளக்கும். சிபிவிசி எனப்படும் கடின நெகிழிக் குழாய்கள் குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டவை. இரும்புக் குழாய்கள் பெரும்பாலும் மரை இணைப்புகளில் விரிசலடைகின்றன.

பெக்ஸ் எனப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய்கள் ஓரளவு விரிந்து, மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்கக்கூடியவை. ஆதலால் இவை உறைவை மற்றவற்றைவிட நன்கு தாங்குகின்றன. எனினும், இவற்றின் இணைப்புப் பாகங்களும் இவற்றோடு பொருத்தப்படும் வால்வுகளும் உடையக்கூடும். எனவே, பெக்ஸ் குழாய் உறைந்தாலும் கேடில்லை என்று கருதுவது தவறாகும்.

தடுப்பு முறைகள்

கட்டுமானத்தில்

நிலத்தடிக் குழாய்களை நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே பதிப்பதே அடிப்படையான தீர்வாகும். இவ்வாழம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் வீட்டு இணைப்புக் குழாய்கள் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிக்கப்படவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கட்டட விதிகள், கட்டட அடித்தளங்களுக்கு உரிய உறையாழமாகத் தென்பகுதியில் 42 அங்குலத்தையும், வடபகுதியில் 60 அங்குலத்தையும் கொள்கின்றன. அங்கு நீர்க்குழாய்கள் இதனினும் ஆழமாகச் செல்கின்றன.

வீட்டினுள், குழாய்களை வெளிச்சுவர்களில் அல்லாது உட்சுவர்களில் அமைப்பது சிறந்தது. வெளிச்சுவரில் அமைக்க நேர்ந்தால், வெப்பக்காப்பு குழாய்க்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் இருக்கவேண்டும். குழாய்க்கும் அறைக்கும் இடையில் அதனை அடைத்தால், அறையின் வெப்பம் குழாயைச் சேராது தடுக்கப்படுகின்றது.

குளிர்நாடுகளில் உறையாத் திருகுக்குழாய் என்ற அமைப்புத் தோட்டத்துக்குப் பயன்படுகின்றது. இதன் கைப்பிடி வெளியே இருந்தாலும், நீரை அடைக்கும் பகுதி ஒரு நீண்ட தண்டின் முனையில் வீட்டின் சூடான பகுதிக்குள் இருக்கும். மூடியதும் தண்டைச் சூழ்ந்த நீர் வெளியே வடிந்துவிடும். ஆனால் ரப்பர் குழாய் மாட்டியபடியே விடப்பட்டால், அந்நீர் வடியாமல் உள்ளே தங்கி உறைந்து, அமைப்பை உடைத்துவிடும்.

குளிர்காலத்துக்கு முன்

- தோட்டத்து ரப்பர் குழாய்களைக் கழற்றி, வெளி இணைப்புகளுக்குரிய உள்வால்வை மூடி, எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும்.
- திறந்த வெளியில் உள்ள குழாய்களுக்கு நுரையாலான வெப்பக்காப்பு உறை இடவேண்டும். உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்ப இழப்பைத் தாமதப்படுத்துகின்றது. நீண்ட குளிரில் உறை மட்டும் போதாது.
- குழாய் நுழையும் துளைகளையும் சுவர் இடுக்குகளையும் அடைக்கவேண்டும்.
- தேவைப்படும் இடங்களில் வெப்பமூட்டும் மின்கம்பியைக் குழாயின் மீது பொருத்தலாம். கம்பியை ஒன்றன்மீது ஒன்றாகச் சுற்றினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. தயாரிப்பாளர் அறிவுறுத்தியபடியே பொருத்தவேண்டும்.
- வீட்டின் முதன்மை வால்வு இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவேண்டும். வாடகை வீடாயின், குடிபுகும்போதே உரிமையாளரிடம் கேட்டு, வால்வு எளிதில் திரும்புகின்றதா எனப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

கடுங்குளிர் நாட்களில்

வெளிச்சுவரை ஒட்டிய திருகுக்குழாயைச் சற்றே திறந்து, நீரைச் சொட்டவிடுவது பரவலான பழக்கமாகும். இது இருவகையில் பயன்படுகின்றது. முதலாவதாக, நிலத்தடியிலிருந்து வரும் சற்று வெதுவெதுப்பான நீர் குழாயில் தொடர்ந்து நகர்ந்து, உறைவைத் தாமதப்படுத்துகின்றது. இரண்டாவதாக, குழாய் உறைந்துவிட்டாலும், அடைப்புக்கு அப்பாலுள்ள நீர் வெளியேற வழி இருப்பதால் அழுத்தம் உயர்வதில்லை. இரண்டாவது பயனே முக்கியமானது. ஆகவே, சொட்டுவது நின்றுவிட்டதைக் கண்டு திருகுக்குழாயை மூடிவிடுதல் ஆபத்தானது. சுடுநீரும் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் கலக்கும் வகையாயின், இரு குழாய்களிலும் நீர் ஓடுமாறு கைப்பிடியை நடுவில் வைக்கவேண்டும்.

சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அடுக்குக் கதவுகளைத் திறந்து வைத்தால், அறையின் வெப்பம் குழாய்களை எட்டும். அடுக்கில் உள்ள துப்புரவு மருந்துகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றவேண்டும். சிக்கனம் கருதி இரவில் சூடேற்றியைக் குறைப்பதைக் கடுங்குளிர் நாட்களில் தவிர்க்கவேண்டும்.

வீட்டைப் பூட்டிச் செல்லும்போது

குளிர்காலத்தில் வெளியூர் செல்வோர், வீட்டின் வெப்பநிலையை 13 பாகை செல்சியசுக்குக் (55 பாகை பாரன்கைட்) குறையாமல் வைத்துச் செல்லுமாறு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவுறுத்துகின்றது. முதன்மை வால்வை மூடி, மேல்மாடியிலும் கீழ்த்தளத்திலும் உள்ள திருகுக்குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிடுதல் இன்னும் பாதுகாப்பானது. சூடேற்றும் அமைப்பு இதே குழாய்களிலிருந்து நீர் பெறுமாயின், வால்வை மூடுமுன் தொழில்நுட்பரைக் கேட்டறியவேண்டும்.

ஆளில்லாத வீட்டில் ஏற்படும் வெடிப்பே பெருஞ்சேதம் விளைவிக்கின்றது. நிமிடத்துக்கு 15 இலீட்டர் வெளியேற்றும் ஒரு பிளவு, இரண்டு நாட்களில் 43,200 இலீட்டர் நீரை வீட்டுக்குள் கொட்டிவிடும்.

உறைந்த குழாயை உருக்குதல்

ஒரு திருகுக்குழாயில் மட்டும் நீர் வராமல் மற்றவற்றில் வந்தால், அதற்குச் செல்லும் கிளைக் குழாய் உறைந்திருக்கலாம். எதிலும் நீர் வராவிடின், வீட்டு இணைப்புக் குழாயோ பொது வழங்கலோ தடைப்பட்டிருக்கலாம். அண்டை வீட்டில் நீர் வருகின்றதா என அறிந்தால் காரணம் தெளிவாகும்.

உருக்கும்போது பின்வரும் வரிசை பின்பற்றப்படுகின்றது:

1. முதன்மை வால்வு இருக்குமிடத்தை உறுதிசெய்தல். பிளவு இருப்பதாக ஐயம் தோன்றினால், உருக்கத் தொடங்குமுன் அதனை மூடுதல்.
2. உறைந்த குழாய்க்குரிய திருகுக்குழாயைத் திறந்து வைத்தல். உருகும் நீரும் ஆவியும் வெளியேற இது வழிசெய்யும்.
3. திருகுக்குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, அடைப்பை நோக்கிச் சூடாக்கிச் செல்லுதல். நடுவில் சூடாக்கினால், உருகிய நீர் இரு பனிக்கட்டிகளுக்கு இடையே சிக்கி அழுத்தம் எழலாம்.
4. முடி உலர்த்தி, மின் வெப்பத் திண்டு, சுடுநீரில் நனைத்த துணி ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துதல். ஈரம் உள்ள இடத்தில் மின்கருவிகளைப் பயன்படுத்தலாகாது.
5. நீர் முழு வேகத்தில் வரும்வரை தொடர்ந்து, பின்னர் குழாயின் முழு நீளத்திலும் கசிவு உள்ளதா எனச் சோதித்தல்.

ஊதுவிளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, கரி அடுப்பு முதலிய திறந்த சுடரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. சுவருக்குள் உள்ள மரச்சட்டங்களும் வெப்பக்காப்பும் வெளியே தெரியாமல் தீப்பற்றக்கூடும். சுவருக்குள் எட்டாத இடத்திலோ நிலத்தடியிலோ அடைப்பு இருந்தால், பயிற்சி பெற்ற குழாய்ப் பணியாளரை அழைப்பதே முறையாகும்.

குழாய் வெடித்தபின்

முதலில் முதன்மை வால்வை மூடவேண்டும். பின்னர் எல்லாத் திருகுக்குழாய்களையும் திறந்து, குழாய்களில் எஞ்சிய நீரை வடிக்கவேண்டும். நீர் வழங்கல் நின்றபின் சுடுநீர்க் கலன் வெறுமையாகச் சூடாகாதிருக்க, அதன் மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்தவேண்டும். மின்னிணைப்புகளுக்கு அருகே நீர் பரவியிருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். மின்பலகையை அடைய நீரில் நின்றாக வேண்டுமெனில் அதனைத் தொடாமல் மின்வழங்கல் நிறுவனத்தை அழைக்கவேண்டும். நீர் தேங்கி உட்கூரை உப்பியிருந்தால், அது இடிந்து விழக்கூடும் என்பதால் அதன் கீழே நிற்கக்கூடாது.

நனைந்த விரிப்புகள், சுவர்ப் பலகைகள், வெப்பக்காப்பு ஆகியவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிடின் பூஞ்சணம் வளரத் தொடங்கும். சேதங்களை அப்புறப்படுத்துமுன் ஒளிப்படம் எடுத்து வைத்தால், காப்புறுதி கோருவதற்கு உதவும். ஆளில்லாத வீட்டில் சூடேற்றாமலும் நீரை வடிக்காமலும் விடப்பட்டதால் நேர்ந்த வெடிப்புக்கு, ஐக்கிய அமெரிக்காவின் பல வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் இழப்பீடு அளிப்பதில்லை.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

வட அயர்லாந்து, 2010

2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் கடுங்குளிர் நிலவியது. அம்மாதம் காசில்டெர்க் என்னுமிடத்தில் வெப்பநிலை −18.7 பாகை செல்சியசாகப் பதிவானது. கிறித்துமசுக்குப் பின் பனி உருகத் தொடங்கியபோது, வீடுகளிலும் பொது வழங்கலிலும் குழாய்கள் பெருமளவில் வெடித்தன. நீர்த்தேக்கத் தொட்டிகள் வறண்டதால், பல பகுதிகளில் முறைவைத்து நீர் வழங்கப்பட்டது. பல்லாயிரம் வீடுகள் நாட்கணக்கில் நீரின்றி இருந்தன. ஸ்காட்லாந்திலிருந்து குடிநீர் அனுப்பப்பட்டது. நீர் வழங்கல் நிறுவனத்தின் தலைமை நிருவாகி 2011 சனவரியில் பதவி விலகினார்.

வினிப்பெக், 2014

கனடாவின் வினிப்பெக் நகரில் குழாய்கள் ஆழமாகவே பதிக்கப்பட்டுள்ளன. எனினும், 2013-14 குளிர்காலத்தில் உறைவு வழக்கத்தைவிட ஆழமாக நிலத்துக்குள் இறங்கியதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் இணைப்புக் குழாய்கள் உறைந்தன. மேற்பரப்பு வெப்பமடைந்த பின்னரும் நிலத்தடியில் உறைவு நீடித்தமையால், இளவேனிற் காலத்திலும் புதிய உறைவுகள் நிகழ்ந்தன. பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு அண்டை வீடுகளிலிருந்து தற்காலிகக் குழாய் மூலம் நீர் தரப்பட்டது.

டெக்சாசு, 2021

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள டெக்சாசு மாநிலத்தில், 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் வீசிய குளிர்காலப் புயல் நவீன காலத்தின் பெரும் குழாய் வெடிப்பு நிகழ்வுகளுள் ஒன்றுக்கு வழிவகுத்தது. 16 ஆம் நாள் டாலசு–போர்ட் வொர்த் விமான நிலையத்தில் வெப்பநிலை −19 பாகை செல்சியசாக இறங்கியது. மின்நிலையங்களும் எரிவாயு வழங்கலும் குளிரால் முடங்கியதால், 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் வணிக இடங்களும் மின்சாரம் இழந்தன. சூடேற்ற வழியின்றி வீடுகளுக்குள்ளேயே வெப்பநிலை உறைநிலையை நெருங்கியது. வெப்பமான வானிலைக்கென அமைக்கப்பட்ட இவ்வீடுகளில் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடிய குழாய்கள் பெருந்தொகையில் வெடித்தன.

வெடித்த குழாய்களும் சொட்டவிடப்பட்ட திருகுக்குழாய்களும் சேர்ந்து நகரங்களின் நீரழுத்தத்தைக் குறைத்தன. உறைவைத் தடுக்க நீரை ஓடவிடவேண்டாம் என்று ஹியூஸ்டன் நகர நிருவாகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. தனி வீட்டைக் காக்கும் வழி, நகரம் முழுவதும் ஒரே வேளையில் கையாளப்பட்டபோது பொது வழங்கலுக்குக் கேடாயிற்று. இத்தகைய நிலையில், முதன்மை வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிடுவது வீட்டையும் பொது வழங்கலையும் ஒருசேரக் காக்கும் வழியாகும். ஆஸ்டின் நகரின் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் மின்சாரம் இழந்தது. மாநிலத்தில் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

மாநில நலத்துறையின் கணக்கின்படி இப்புயலால் 246 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உடல்வெப்பக் குறைவால் இறந்தவர்கள். வீட்டுக்குள் கரி மூட்டியதாலும் மின்னாக்கிகளை இயக்கியதாலும் எழுந்த காபனோரொட்சைட்டு நச்சு வளியாலும் சிலர் மாண்டனர். குழாயைக் காக்கும் முயற்சியில் மூடிய வீட்டுக்குள் எரிபொருளை எரிப்பது, குழாய் வெடிப்பைவிடப் பன்மடங்கு கொடிய விளைவைத் தரும் என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்க

- உறைநிலை
- பனிக்கட்டி
- மீக்குளிர்வு
- வெப்பக்காப்பு
- நீர் வழங்கல்